கேலி, டிவி, ஸ்கூல்: எல்ஜிபிடி பிள்ளைங்களப் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்கூல்ல பசங்க ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்றது சகஜம்தானே, நாங்கல்லாம் அத தாண்டித்தானே வந்தோம்?

குண்டு, குள்ளன், சோடாபுட்டினு கூப்பிடுறதும் வலிக்கத்தான் செய்யும், அது பரவாயில்லனு யாரும் சொல்லல. ஆனா அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து "அம்மா என்னை குண்டுனு சொல்றாங்க"னு அழுதா அம்மா பக்கத்துல உக்கார வச்சு ஆறுதல் சொல்லுவாங்க. "என்னை பொட்டைனு சொல்றாங்கம்மா"னு ஒரு பையன் சொன்னா எத்தனையோ வீட்டுல வர்ற பதில் "நீ ஏன் அப்படி நடக்குற, ஒழுங்கா நடந்தா அவங்க ஏன் சொல்லப் போறாங்க". அவ்ளோதான், அடுத்த தடவ அவன் வாயே திறக்க மாட்டான். ஸ்கூல்லயும் அடி, வீட்லயும் அடி, நடுவுல பஸ்ல வர்ற நேரம் மட்டும்தான் மிச்சம், சில பேருக்கு அந்த பஸ்தான் இருக்கறதுலயே மோசமான இடம்.

தமிழ்நாட்டுல ஒரு கிளாஸ்ல அட்டெண்டென்ஸ் எடுக்கும்போது நின்னு பாருங்க. ஏழு, எட்டுனு அமைதியா போகும், ஒன்பதுனு சொன்ன உடனே பின்பெஞ்சுல ஒரு சிரிப்பு கிளம்பும். அந்த நம்பர் விழுந்த பையனுக்கு அந்த வருஷம் முழுக்க தொல்லைதான், ஆனா சிரிக்கிறவங்க திரும்பிப் பாக்குறது பல தடவ அவன இல்ல, குரல் மென்மையா இருக்கற, கைய ஆட்டி ஆட்டிப் பேசுற இன்னொருத்தன, அவன் நம்பர் 23ஆ இருந்தாலும். மிஸ்ஸும் "சைலன்ஸ்"னு சொல்லிட்டு பத்துக்குப் போயிடுவாங்க. அந்த ரெண்டு செகண்ட் தினமும் காலைல நடக்குது, வருஷம் முழுக்க.

யுனெஸ்கோவும் சென்னையில இருக்கற சகோதரன் அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டுல எடுத்த ஒரு ஆய்வு 2019ல வெளிவந்துச்சு. பால், பாலின சிறுபான்மை இளைஞர்கள்கிட்ட, அதாவது எல்ஜிபிடினு சொல்ற தன்பாலீர்ப்பாளர் (தன் பாலினத்தையே விரும்பறவங்க), இருபாலீர்ப்பாளர், திருநர் (திருநங்கை, திருநம்பி) இளைஞர்கள்கிட்ட கேட்டதுல 60 சதவீதம் பேர் நடுநிலை, உயர்நிலைப் பள்ளியில உடம்பளவுல அடி, தள்ளுமுள்ளுனு அனுபவிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 33 சதவீதம் பேர் படிப்ப விட்டதுக்கு இந்தக் கொடுமைதான் பெரிய காரணம்னு சொல்லிருக்காங்க. ஸ்கூல்ல புகார் சொன்னவங்க வெறும் 18 சதவீதம். "எங்க ஸ்கூல்ல அந்தப் பிரச்சனையே இல்லைங்க"னு ஹெட்மாஸ்டர் சொல்றாருனா அவர் பொய் சொல்றார்னு அர்த்தம் இல்ல, அவர் காதுக்கு வரவே இல்ல.

இதுக்கும் மீடியாவுக்கும் என்ன சம்பந்தம்? பசங்க கெட்டா வீட்டத்தானே கேக்கணும்?

ஏழாவது படிக்கிற பையனுக்கு எல்ஜிபிடினா என்னனு தெரியாது, தன்பாலீர்ப்புனா என்னனும் தெரியாது. ஆனா மென்மையா நடக்கறவன பாத்தா எப்படி இடுப்ப வளைச்சு காட்டணும், எந்த வசனத்த சொல்லணும், எந்த பாட்டு போடணும்னு அத்துப்படியா தெரியும். அத எந்த அப்பாவும் வீட்ல உக்கார வச்சு சொல்லிக்குடுக்கல. ஒரு கேரக்டர் துள்ளிக்கிட்டே வரும், ஹீரோவோட ஃப்ரெண்ட் அருவருப்பா மூஞ்ச சுளிப்பாரு, பேக்ரவுண்ட்ல ஒரு மியூசிக், தியேட்டரே சிரிக்கும். இருபது முப்பது வருஷமா இதே காட்சி வேற வேற படத்துல. அது காமெடி சேனலுக்கு வந்துச்சு, அங்கிருந்து மீம் ஆச்சு, இப்ப ஷார்ட்ஸ், ரீல்ஸ் ஆடியோ. கிளாஸ்ல நடக்கற கேலிக்கு முழு ஸ்கிரிப்டும் ஸ்க்ரீன்லேர்ந்து வருது, பசங்க நடிச்சு மட்டும் காட்றாங்க. அதனாலதான் மீடியா இந்த விஷயத்துல உதவிக்கு வரலாமா வேண்டாமானு யோசிக்கற இடத்துல இல்லனு நான் சொல்றேன், ஏற்கனவே நடுவுல நிக்கிறவங்க அவங்க.

இப்பல்லாம் சினிமால அந்த மாதிரி காட்சி குறைஞ்சிடுச்சே?

ஆமா குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம், அத மனசார ஒத்துக்கணும். மரியாதையா எழுதின கேரக்டர்களும் வந்திருக்கு. ஆனா பழைய க்ளிப் எதுவும் எங்கயும் போகல, இன்னைக்கு ராத்திரி சாப்பிடுற நேரத்துக்கு ஏதாவது ஒரு சேனல்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், குடும்பமே சிரிக்கும், அந்தக் குடும்பத்துல ஒரு பிள்ளை மட்டும் தட்ட பாத்துக்கிட்டே சாப்பிடும்.

இங்க ஒண்ணு சேத்துச் சொல்லிடறேன், ஏன்னா இத பேசினா உடனே "அப்ப ஆம்பள பொம்பள வேஷமே போடக்கூடாதா"னு கேப்பாங்க. தெருக்கூத்துல பெண் வேஷம் கட்டுற ஆண்கள் எத்தனையோ பேர், ராத்திரி முழுக்க திரௌபதியா நின்னு ஊரையே அழ வைப்பாங்க, பழைய நாடக கம்பெனில ஸ்திரீபார்ட்னு அதுக்குனே பேர் எடுத்தவங்க இருந்தாங்க. அங்க யாரும் அந்த வேஷத்தப் பாத்து அருவருக்கறதில்ல. சேலை கட்டினது தப்பில்ல, சேலை கட்டினவன அடிக்கறதும் தொட்டுத் தடவறதும்தான் ஜோக்குனு எழுதினாங்க பாருங்க, தப்பு அதுலதான்.

மீடியா நல்லது செஞ்ச உதாரணம் நம்ம ஊர்ல இருக்கா?

இருக்கு. 2008ல விஜய் டிவில "இப்படிக்கு ரோஸ்"னு ஒரு ஷோ வந்துச்சு, நடத்துனது ரோஸ்னு ஒரு திருநங்கை. பரிதாபத்துக்கோ சிரிக்கறதுக்கோ கூப்பிட்டு உக்கார வச்ச கெஸ்டா இல்ல, கேள்வி கேக்குற இடத்துல, ஷோ நடத்துறவங்களா வந்தாங்க. வீட்டு ஹால்ல ஒரு திருநங்கை நல்ல தமிழ்ல மரியாதையா பேசிக்கிட்டிருக்கறத அதுவரைக்கும் பாக்காத எத்தனையோ பேர் அன்னைக்குதான் பாத்தாங்க. அப்புறம் திருநங்கை பிரித்திகா யாஷினி கோர்ட் வரைக்கும் போராடி 2017ல சப் இன்ஸ்பெக்டர் ஆனப்ப, திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019ல பத்மஸ்ரீ கிடைச்சப்ப தமிழ் பத்திரிகைங்க நல்லாவே எழுதினாங்க.

ஆனா இதுல ரெண்டு குறை எனக்கு இருக்கு. ஒண்ணு, திருநங்கைகள் பத்தி வர்ற அளவுக்கு திருநம்பிகள் (பொண்ணா பிறந்ததா சொல்லப்பட்டு ஆணா வாழறவங்க) பத்தியோ, பொண்ணுங்கள விரும்புற பொண்ணுங்க பத்தியோ, பசங்கள விரும்புற பசங்க பத்தியோ நல்ல செய்தி வர்றதில்ல, கொலை, கொள்ளை, ஆப்ல ஏமாத்தினாங்கனு வந்தாத்தான் பேரே அடிபடுது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துல பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு தன்னப் பத்தி தமிழ்ல தேடினா முதல்ல வர்றது க்ரைம் நியூஸா இருந்தா அது என்ன நினைக்கும்? ரெண்டாவது, நல்ல செய்தினாலே சாதனைதான். முதல் போலீஸ், முதல் வக்கீல், முதல் டாக்டர். சாதிச்சவங்களக் கொண்டாடணும்தான், ஆனா ஒரு பிள்ளைய கிளாஸ்ல நிம்மதியா உக்கார விடறதுக்கு அது நாளைக்கு எதுலயாவது முதல் ஆளா வரணும்னு கட்டாயம் இல்ல. சுமாரா படிக்கிற, மேத்ஸ்ல பார்டர்ல பாஸாகுற பிள்ளைக்கும் அந்த நிம்மதி வேணும்.

கோர்ட் மீடியாவப் பத்தி ஏதாச்சும் சொல்லிருக்கா?

சொல்லிருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. 2018 செப்டம்பர் 6 அன்னைக்கு உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் தன்பால் உறவ குற்றமாக்கின இந்தியத் தண்டனைச் சட்டத்தோட 377வது பிரிவு, 18 வயசு ஆனவங்க சம்மதத்தோட வாழற வாழ்க்கைக்குப் பொருந்தாதுனு தீர்ப்பு குடுத்தாங்கல்ல, அதுல நீதிபதி நரிமன் எழுதின பகுதில மத்திய அரசுக்கு ஒரு உத்தரவு இருக்கு. இந்தத் தீர்ப்ப டிவி, ரேடியோ, பத்திரிகை, ஆன்லைன்னு எல்லா வழியிலயும் அப்பப்ப விளம்பரப்படுத்தணும், இவங்க மேல இருக்கற இழிவான பார்வைய போக்க நிகழ்ச்சிகள் நடத்தணும், போலீஸ் உட்பட அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்கணும்னு. போலியோ சொட்டு மருந்துக்கு, ஓட்டு போடறதுக்கு எத்தனை விளம்பரம் பாத்திருப்பீங்க, இந்தத் தீர்ப்ப பத்தி ஒரு அரசு விளம்பரம் டிவில பாத்த ஞாபகம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இல்ல.

அடுத்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஜூன் 7. மதுரையச் சேர்ந்த ரெண்டு இளம்பெண்கள் வீட்டு எதிர்ப்புக்கு பயந்து சென்னைக்கு வந்துட்டாங்க, பெத்தவங்க காணோம்னு புகார் குடுத்தாங்க, போலீஸ் தொல்லைலேர்ந்து பாதுகாப்பு கேட்டு இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் முழுசா புரியலனு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து பேசி தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் உத்தரவு எழுதினாரு. அந்த உத்தரவுல ஸ்கூல், காலேஜ், போலீஸ், பெத்தவங்கனு எல்லாரும் வர்றாங்க, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா பெத்தவங்களுக்கு விளக்கணும்னு கூட இருக்கு. "மாத்திக் காட்டறேன்"னு வைத்தியம் பண்றதுக்கும் தடை சொன்னாரு. அதே வழக்கு தொடர்ந்து நடந்தப்ப மரியாதையான சொற்களத்தான் பயன்படுத்தணும்னு கோர்ட் வலியுறுத்துச்சு, அதையொட்டி 2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியல அரசிதழ்லயே வெளியிட்டுச்சு.

அப்ப எந்த வார்த்தைய எழுதறது?

தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி, திருநர், பொதுவா எல்லாரையும் சேத்துச் சொல்ல பால்புதுமையர். "ஓரினச்சேர்க்கை"னு தலைப்புல போட்டா ஒரு மனுஷனோட பாசம், வாழ்க்கை எல்லாம் போய் படுக்கை மட்டும்தான் நிக்கும், அத விட்டுடுங்க. விபரீதக் காதல், விநோத ஜோடி, முறையற்ற உறவு, இதெல்லாமும் வேண்டாம். சந்தேகமா இருந்தா அந்த ஆள்கிட்டயே "உங்கள எப்படி எழுதணும்"னு ஒரு வார்த்தை கேளுங்க.

ரெண்டு பொண்ணுங்க வீட்ட விட்டுப் போய்ட்டாங்கனு ஸ்டேஷன்லேர்ந்து தகவல் வருது, அது நியூஸ்தானே, எழுதாம விட முடியுமா?

பத்திரிகை ஆபீஸ்ல உக்காந்து இந்த மாதிரி செய்தி எத்தனையோ பாத்தவங்களுக்கு இதோட வடிவம் மனப்பாடமா தெரியும். தலைப்பு "தோழியுடன் மாணவி ஓட்டம், பெற்றோர் அதிர்ச்சி". முதல் பாராலயே ஊர் பேர், அப்பா பேர், அப்பா என்ன வேலை பாக்குறாரு, பொண்ணு எந்த காலேஜ், எந்த வருஷம், என்ன டிபார்ட்மெண்ட். நடுவுல ஒரு போட்டோ, வாட்ஸப் டிபிலேர்ந்து எடுத்தது, கண்ணுல கறுப்புப் பட்டை ஒட்டிருப்பாங்க, ஆனா அந்த சுடிதாரையும் பின்னாடி இருக்கற கோவில் கோபுரத்தையும் பாத்து தெருவே அடையாளம் சொல்லிடும். கடைசில "போலீசார் அறிவுரை கூறி பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்". அந்த கடைசி வரிதான் ரொம்ப பயங்கரமான வரி. அனுப்பி வச்ச வீட்ல அடுத்து என்ன நடந்துச்சுனு எந்தப் பத்திரிகையும் திரும்பிப் போய் பாக்கறதில்ல.

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் ஒரு 25 வயசுப் பொண்ண வீட்ல அடைச்சு வச்சப்ப அந்தப் பொண்ணோட துணையான இன்னொரு பொண்ணு ஆட்கொணர்வு மனு (அடைச்சு வச்சவங்கள கோர்ட்ல கொண்டுவரச் சொல்ற மனு) போட்டாங்க, 2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பொண்ண விடுவிச்சு, குடும்பம்ங்கறது கல்யாணத்தால மட்டும் உருவாகறது இல்ல, தானா தேர்ந்தெடுத்துக்கற குடும்பமும் உண்டுனு சொல்லுச்சு. 2023ல உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்த அங்கீகரிக்க மறுத்ததுக்கு அப்புறமும் இது சாத்தியமாச்சு. போலீசுக்கும் 2022ல தமிழ்நாட்டுல நடத்தை விதியே வந்தாச்சு, இவங்கள துன்புறுத்தக் கூடாதுனு. அதனால எழுதுங்க, ஆனா இதையெல்லாம் சேத்து எழுதுங்க. 18 வயசு ஆனவங்களா, அவங்க என்ன சொன்னாங்க, வீட்டுக்குப் போக சம்மதிச்சாங்களா, சட்டம் என்ன சொல்லுது. பேரும் போட்டோவும் காலேஜும் எதுக்கு? பாதுகாப்பு தேவைப்படற 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய அடையாளம் தெரியற மாதிரி வெளியிடறத இளைஞர் நீதிச் சட்டமே தடுக்குது, அப்பா பேர் போட்டாலும் அது அடையாளம்தான்.

தற்கொலை செய்தி வந்தா?

இந்திய பிரஸ் கவுன்சில் 2019ல வழிமுறை குடுத்திருக்கு, உலக சுகாதார நிறுவனம் சொன்னத ஒட்டி. எப்படி செஞ்சாங்கனு விவரிக்கக் கூடாது, இடத்த சொல்லக் கூடாது, தலைப்புல பரபரப்பு கூடாது, போட்டோவையும் வீடியோவையும் போடக் கூடாது. நான் இதோட ஒண்ணு சேப்பேன்: "கேலி பண்ணாங்க, அதனால செத்துட்டான்"னு ஒரே கோட்டுல எழுதாதீங்க. அத படிக்கிற இன்னொரு பிள்ளையும் அதே மாதிரி கேலிய தினமும் வாங்கிக்கிட்டிருக்கும், அதுக்கு இதுதான் முடிவுனு நாம சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும். கேலிய தாங்கிக்கிட்டு உதவி கேட்டு மீண்டு வந்தவங்க நிறைய இருக்காங்க, அத எழுதுங்க.

உங்களுக்கே இப்ப மனசு அப்படி இருந்தா, தயவுசெஞ்சு படிக்கறத நிறுத்திட்டு ஃபோன் பண்ணுங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்ல பேசலாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சிநேகா 044-24640050. 18 வயசுக்குள்ளனா சைல்ட்லைன் 1098. நீங்க தன்பாலீர்ப்பாளர்னோ திருநர்னோ அவங்ககிட்ட சொல்லணும்னு அவசியமே இல்ல, மனசு சரியில்லனு மட்டும் சொன்னா போதும்.

வெளிநாட்டுல அக்டோபர்ல எல்லாரும் பர்ப்பிள் கலர் போடறாங்களே, அது என்ன?

ஸ்பிரிட் டே. 2010ல கனடாவுல ஒரு ஸ்கூல் மாணவி ஆரம்பிச்சது, அமெரிக்காவுல க்ளாட்னு மீடியாவ கண்காணிக்கிற அமைப்பு எடுத்து பெருசாக்குச்சு, இப்ப அக்டோபர் மூணாவது வியாழக்கிழமை டிவி சேனல்ல செய்தி வாசிக்கிறவங்க, நடிகருங்கனு பர்ப்பிள் போட்டு கேலிக்கு எதிரா நிக்கறாங்க. அதே 2010 செப்டம்பர்ல டான் சாவேஜ்னு ஒரு பத்தி எழுத்தாளரும் அவரோட துணைவரும் "போகப் போக நல்லா ஆகும்"னு ஒரு யூடியூப் வீடியோ போட்டாங்க, ஆயிரக்கணக்குல பேர் அது மாதிரியே போட்டாங்க, ஒபாமாவும் பேசினாரு. நல்லதுதான், ஆனா பத்து வருஷம் கழிச்சு நல்லா ஆகும்ங்கறது நாளைக்கு காலைல கிளாஸுக்குப் போகணுமேனு இருக்கற பிள்ளைக்கு ரொம்ப தூரம்.

அமெரிக்காவுலேர்ந்து நாம எடுத்துக்க வேண்டியது வேற ஒண்ணு. 1998ல ஹெச்பிஓ சேனல் தன்பாலீர்ப்புள்ள ஒரு சின்னப் பையனப் பத்தின ஆஸ்கார் வாங்கின குறும்படம் ஒண்ண போடறதா இருந்துச்சு. படம் முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல ஒரு ஹெல்ப்லைன் நம்பர் காட்டணும்னு படம் எடுத்தவங்க தேடினாங்க, அந்த மாதிரி பிள்ளைங்களுக்குனு நாடு முழுக்க ஒரு லைன் கூட இல்ல. அதனால அவங்களே ஆரம்பிச்சாங்க, படம் ஒளிபரப்பான அன்னைக்கே ஃபோன் வர ஆரம்பிச்சது, அதுதான் இன்னைக்கு ட்ரெவர் ப்ராஜெக்ட். ஒரு கதைய போடறவன் அத பாக்குற பிள்ளை அடுத்த நிமிஷம் யார்கிட்ட பேசும்னு யோசிச்சாலே இவ்ளோ நடக்கும். நம்ம சேனல்கள்ல நம்பர் ஓட்டறதுக்கு ஸ்க்ரோலிங் ஏற்கனவே இருக்கு, நம்பரும் இருக்கு.

இதெல்லாம் டிவில காட்டினா பாக்குற பசங்களும் அப்படி மாறிடுவாங்களே?

தமிழ்ல இதுவரைக்கும் வந்த சினிமா கிட்டத்தட்ட அத்தனையும் ஆண் பெண் காதல்தான், அத பாத்து வளந்தும் தன்பாலீர்ப்பாளர்கள் இருக்கத்தானே செய்றாங்க. பாத்து மாறறதா இருந்தா அவங்க என்னைக்கோ மாறிருக்கணும். 1990 மே 17 அன்னைக்கே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்ப நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018ல இது மனநோய் இல்லனு சொல்லிடுச்சு. மாத்தறேன்னு மாத்திரை, ஷாக், மந்திரிக்கறது, சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைக்கறது எதுவும் வேலைக்காகாது, பிள்ளை உடைஞ்சு போறதுதான் மிச்சம். மாத்தற சிகிச்சை குடுக்கற டாக்டர் செய்றது தொழில் முறைகேடுனு 2022ல தேசிய மருத்துவ ஆணையம் மாநில கவுன்சில்களுக்கு எழுதிருக்கு, யாராவது அப்படி வைத்தியம் சொன்னா மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுக்கலாம். டிவில காட்டினா மாறப்போறது பக்கத்து பெஞ்சுல உக்காந்து கிண்டல் பண்றவன்தான், அந்த மாற்றம் நமக்கு வேணும்.

என் பையன ஸ்கூல்ல பொட்டைனு கூப்பிடறாங்க. அவன் அப்படியா இல்லையானே எனக்குத் தெரியல. ஸ்கூல்ல போய் என்னனு சொல்றது?

இந்தக் கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா இதுல மாட்டிக்கிட்டுத்தான் பல பெத்தவங்க புகார் குடுக்காம விட்டுடறாங்க. அவன் அப்படியா இல்லையாங்கறது உங்களுக்கும் தெரிய வேண்டாம், ஸ்கூலுக்கும் தெரிய வேண்டாம். புகார் கேலியப் பத்தினது, உங்க பையனப் பத்தினது இல்ல. "என் மகன இந்தத் தேதியில இந்த இடத்துல இன்னார் இந்த வார்த்தை சொல்லி அழைச்சாங்க, தள்ளினாங்க, பைய எடுத்து வீசினாங்க"னு எழுதுங்க, அவ்ளோதான். பேப்பர்ல எழுதிக் குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க, வாயால சொன்னது காத்தோட போயிடும். "உங்க பையனுக்கு கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க, ஆம்பள மாதிரி நடக்கச் சொல்லுங்க"னு பதில் வந்தா, கவுன்சிலிங் கிண்டல் பண்ண பசங்களுக்கும் அவங்க வீட்டுக்கும்தான் வேணும்னு தைரியமா சொல்லுங்க, கோவப்படாம சொல்லுங்க.

பாத்ரூம்ல இழுத்துட்டுப் போறது, டவுசர அவுக்கறது, உடம்ப தொடறது இருந்தா அது கேலியே இல்ல, போக்சோ, அதாவது பிள்ளைங்கள பாலியல் குற்றங்கள்லேர்ந்து பாதுகாக்கற சட்டத்துல வர்ற குற்றம். பையனா இருந்தாலும் போக்சோ பொருந்தும், 18 வயசுக்குக் கீழ எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும், தெரிஞ்சும் ஸ்கூல் மறைச்சா அதுவும் குற்றம். ஹெட்மாஸ்டர் கேக்கலனா தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையோட 14417க்கு பேசுங்க, இல்ல 1098.

வீட்ல ஒண்ணு மட்டும் செய்ங்க. பையன் சொல்லும்போது "நீ என்ன பண்ண"னு கேக்காதீங்க. "யாருடா சொன்னது, எப்பேர்ந்து நடக்குது"னு கேளுங்க. முதல் கேள்வி மாறினா மீதி எல்லாத்தையும் அவனே சொல்லுவான். அப்புறம் சொந்தக்காரங்க வந்திருக்கும்போது சித்தப்பாவோ மாமாவோ "என்னடா பொண்ணு மாதிரி"னு ஆரம்பிச்சா நீங்க அங்கயே நிறுத்துங்க, பையன் காதுல விழற மாதிரி. அவங்க கோச்சுக்கிட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்.

நான் டீச்சர். எனக்கு இதுல ட்ரெயினிங்கே குடுக்கல, நான் என்ன பண்றது?

உண்மைதான், குடுக்கல. 2021ல பாடப்புத்தகம் தயாரிக்கிற மத்திய அமைப்பான என்சிஇஆர்டி ஆசிரியர்களுக்கு திருநர் குழந்தைகள ஸ்கூல்ல எப்படி அரவணைச்சு சேத்துக்கறதுனு ஒரு கையேடு போட்டுச்சு, எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே வெப்சைட்லேர்ந்து எடுத்துட்டாங்க. அன்னைக்கு பல விவாதத்துல அது ஒரு சர்ச்சையா மட்டும்தான் ஓடுச்சு, அந்தக் கையேட்டுக்குள்ள என்ன இருந்துச்சுனு பொறுமையா சொன்னவங்க கம்மி. மீடியா துணைக்கு நின்னிருக்க வேண்டிய நேரம் அது.

ட்ரெயினிங் இல்லாமலே செய்யறதுக்கு இருக்கு. அட்டெண்டென்ஸ்ல அந்தச் சிரிப்பு வந்தா புக்க மூடிட்டு "என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லு"னு கேளுங்க, யாராலயும் எழுந்து சொல்ல முடியாது, ரெண்டு மூணு தடவ கேட்டா சிரிப்பு நின்னுடும். பிடி பீரியட்ல "பொண்ணு மாதிரி பந்து போடாத"னு நாமளே சொல்றத நிறுத்தணும். ஆண்டு விழா ஸ்கிட்ட மேடை ஏத்தறதுக்கு முன்னாடி முழுசா பாருங்க, டிவி காமெடி அப்படியே வந்து உக்காந்திருக்கும், எல்லா பெத்தவங்க முன்னாடியும் அத நடிக்க வைக்கப் போறது அந்த மென்மையான பையனையாத்தான் இருக்கும், கேட்டா "அவனுக்கு நேச்சுரலா வருது மிஸ்"ம்பாங்க.

காலேஜ்ல?

காலேஜ்ல சட்டம் தெளிவாவே இருக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் விதிய 2016ல திருத்தினப்ப பாலினம், திருநர், பாலீர்ப்பு இந்தக் காரணத்துக்காக கேலி பண்றதும் ஒதுக்கறதும் ராகிங்தான்னு சேத்துட்டாங்க. ஃபர்ஸ்ட் இயர்னு இல்ல, எந்த வருஷ மாணவருக்கும் பொருந்தும். ஹெல்ப்லைன் 1800-180-5522. தமிழ்நாட்டுக்கு தனியா ராகிங் தடைச் சட்டமும் 1997லேர்ந்து இருக்கு. அந்தச் சட்டம் வர்றதுக்குக் காரணமே 1996ல சிதம்பரத்துல நடந்த ஒரு மருத்துவ மாணவர் கொலைதான், அப்ப பத்திரிகைங்க நாள் தவறாம எழுதினாங்க, மாநிலமே கொதிச்சுது. அதுவரைக்கும் "சீனியர் ஜூனியர்குள்ள இதெல்லாம் சகஜம்"னு சொல்லிக்கிட்டிருந்த ஊர்தான் இது.

இன்ஸ்டால கண்டபடி கமெண்ட் போடறாங்க, அக்கவுண்ட டெலிட் பண்ணிடட்டுமா?

உங்களுக்கு ஓய்வு வேணும்னா தாராளமா எடுத்துக்கோங்க, ஆனா அவங்களுக்காக போக வேண்டாம். முதல்ல ஸ்க்ரீன்ஷாட், தேதியும் ஐடியும் தெரியற மாதிரி, ரிப்போர்ட் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, அப்புறம் கமெண்ட் காணாம போயிட்டா ஆதாரம் இருக்காது. அடுத்தது செட்டிங்ஸ்ல ஹிட்டன் வேர்ட்ஸ்னு இருக்கும், அதுல நீங்க குடுக்கற வார்த்தை உள்ள கமெண்ட் மறைஞ்சிடும். அதுல நம்ம வசவுங்கள தமிழ் எழுத்துல ஒரு தடவ, இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ற விதத்துல ஒரு தடவ, 9ங்கற நம்பரத் தனியா, அதுக்குனு போடற இமோஜிங்கள, எல்லாத்தையும் நீங்களே சேக்கணும், ஆப் தானா நம்ம ஊர் வசவ புரிஞ்சுக்கும்னு நம்பாதீங்க. கூடப் படிக்கிறவன ப்ளாக் பண்ணா தெரிஞ்சு சண்டைக்கு வருவான்னா ரெஸ்ட்ரிக்ட்ல போடுங்க, அவனுக்குத் தெரியாது. மார்ஃபிங், மிரட்டல், "வீட்ல சொல்லிடுவேன், காசு குடு"னு வந்தா சைபர் க்ரைம்ல புகார் குடுங்க, நீங்க யாருங்கறது குற்றம் இல்ல, மிரட்டறதுதான் குற்றம்.

ஒரு யூடியூப் சேனல்ல என் கதைய பேசக் கூப்பிடறாங்க, போகலாமா?

18 வயசு ஆகலனா முகத்தோட வேண்டாம், எவ்ளோ நல்ல சேனலா இருந்தாலும். ஆயிடுச்சுனா போறதுக்கு முன்னாடி சிலது பேசி மெசேஜ்ல வாங்கிடுங்க. தம்ப்நெயில் எப்படி வரும், தலைப்பு என்ன, வெளியிடறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டுவாங்களா. கமெண்ட்ட மூடி வைப்பாங்களா, இல்ல ஆள் போட்டு கவனிப்பாங்களா. உடம்பு, ஆபரேஷன், படுக்கை பத்தின கேள்வி வராதுனு முன்னாடியே சொல்லிடுங்க, வந்தா "இதுக்கு பதில் சொல்ல விரும்பல"னு சொல்லிட்டு அமைதியா இருங்க, அந்த அமைதிய அவங்களால ஷார்ட்ஸா போட முடியாது. பின்னாடி எப்பயாவது எடுக்கச் சொன்னா எடுப்பாங்களானு கட்டாயம் கேளுங்க, 19 வயசுல தைரியமா பேசினது 24 வயசுல வேலை தேடும்போதோ தங்கச்சி கல்யாணப் பேச்சு வரும்போதோ வேற மாதிரி திரும்பி வரலாம். கூட ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டுப் போங்க, கேமராவுக்குப் பின்னாடி உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கணும். சென்னையில 2003லேர்ந்து எல்ஜிபிடி மக்களுக்காக இயங்குற ஓரினம் மாதிரி அமைப்புகள்ல முன்னாடியே மீடியாகிட்ட பேசினவங்க இருக்காங்க, அந்த சேனல் எப்படினு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் வீடியோ வெளிவர்ற தேதிய முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கோங்க, வீட்ல யார்கிட்ட முன்னாடியே சொல்லணுமோ அவங்களுக்கு ஃபார்வர்ட்ல வந்து தெரியறதுக்கு முன்னாடி நீங்க சொல்ல நேரம் கிடைக்கும்.